பல்லுக்கு எதுக்குங்க ஸ்கேன்? சின்ன எக்ஸ்ரே, ஓபிஜி, சிபிசிடி: எது, எப்போது தேவை?

கடைசிக் கடைவாய்ப் பல் நாலு நாளாக விண்ணென்று தெறிக்கிறது என்று காந்திபுரத்திலோ திருப்பூரிலோ ஒரு பல் கிளினிக்குக்குப் போகிறார் ஒருவர். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். சின்னதாக ஒரு எக்ஸ்ரே எடுக்கிறார். பிறகு ஒரு சீட்டை எழுதி நீட்டுகிறார். ‘ஸ்கேன் சென்டருக்குப் போய் ஒரு சிபிசிடி எடுத்துட்டு வந்துடுங்க.’

‘ஏனுங்க டாக்டர், பல்லுக்கு எதுக்குங்க ஸ்கேன்?’

பெரும்பாலும் அடுத்து வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வியும்கூட. ஏனென்றால் அந்தச் சீட்டுக்கான பணம் கைக்காசிலிருந்து போகப் போகிறது. தமிழகத்தின் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. கொங்கு மண்டலத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு என்றாலும், கோவை முதல் நாமக்கல் வரை பல் சிகிச்சையின் பெரும்பகுதி தனியார் கிளினிக்குகளையும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளையும் நம்பித்தான் நடக்கிறது. சின்ன எக்ஸ்ரே என்றால் சில நூறு ரூபாயில் முடியும். சிபிசிடி என்றால் ஆயிரங்களுக்குப் போகும்.

பணம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தேவையான இடத்தில் ஸ்கேன் எடுக்காமல் விட்டால் உதடு மரத்துப் போகலாம், இம்ப்ளான்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகலாம். தேவையில்லாத இடத்தில் எடுத்தால் கதிர்வீச்சு வீணாக உடம்பில் ஏறுகிறது. எனவே எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

25 நிமிஷம் வாயைத் திறந்தபடி

1895 நவம்பரில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஓட்டோ வால்க்ஹாஃப் என்ற ஜெர்மன் பல் மருத்துவர் தன் வாய்க்குள்ளேயே ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை வைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டார். அதற்காக அவர் 25 நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. இன்று அதே வேலைக்கு ஒரு விநாடியில் ஒரு சின்னப் பகுதி போதும்.

இடையில் பல பத்தாண்டுகள் ஃபிலிம்தான். நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஃபிலிமை வாய்க்குள் வைத்து எடுத்து, இருட்டறையில் ரசாயனத்தில் முக்கி, காயப்போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கழுவுவதில் கோளாறானால் முதலிலிருந்து. 1980-களில் ஃபிரான்சிஸ் மூயென் என்ற பிரெஞ்சு பல் மருத்துவர் ஃபிலிமின் இடத்தில் ஒரு மின்னணு சென்சாரை வைத்தார். அந்தக் கருவிக்கு நிறுவனம் வைத்த வியாபாரப் பெயரின் சுருக்கம்தான் ஆர்விஜி. ஜெராக்ஸ் மாதிரி, பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது. ‘ஒரு ஆர்விஜி எடுத்துடலாம்’ என்று டாக்டர் சொன்னால், கேபிள் தொங்கும் அந்தச் சென்சாரைப் பல்லுக்குப் பின்னால் வைத்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயைத்தான் சொல்கிறார்.

இரண்டு மூன்று பற்களை அடிவேர் வரை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் படம் கிடையாது. இரண்டு பல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும் சொத்தை, வேர் நுனியில் கட்டிய சீழ், ரூட் கெனால் செய்யும்போது வேருக்குள் ஊசி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதெல்லாம் இதில் வந்துவிடும். கதிர்வீச்சும் பழைய ஃபிலிமைவிடக் குறைவு. ஒரேயொரு வில்லங்கம் என்னவென்றால், எடுப்பது இவ்வளவு சுலபமாகிவிட்டதால் ‘சரியா வரலை, இன்னொண்ணு’ என்று எடுத்துவிடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு படமும் ஒரு செலவு. இப்போது இன்னொரு கிளிக்.

கம்மலைக் கழற்றுங்க

அடுத்தது ஓபிஜி. கருவியின் முன் நின்று ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். கருவி தலையைச் சுற்றி பதினைந்து விநாடி போல ஒரு அரைச்சுற்று வரும். இரண்டு தாடைகளும், எல்லாப் பற்களும், தாடை மூட்டுகளும் ஒரே அகலமான படத்தில் விழும். பின்லாந்தில் யூர்யோ பாட்டேரோ என்ற பல் மருத்துவர் 1940-களில் தொடங்கி உருவாக்கிய முறை இது.

எடுப்பதற்கு முன் கம்மல், மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராமல் தயங்குகிறவர்கள் உண்டு. சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுழலும் கருவியில் உலோகம் இரண்டு முறை பதியும். வலது காதுக் கம்மல் தன் இடத்தில் ஒரு முறையும், இடது பக்கத்தில் சற்று மேலே மங்கலாக இன்னொரு முறையும் விழும். இதற்கு ‘பேய் பிம்பம்’ என்றே பெயர். அந்த மங்கல் சரியாக டாக்டர் பார்க்க வேண்டிய எலும்பின் மேல் விழுந்துவிட்டால் படம் எடுத்தும் பயனில்லை.

முளைக்காமல் உள்ளே கிடக்கும் பல், தாடையில் கட்டி, எலும்பு முறிவு ஆகியவற்றுக்கு முதல் படம் பெரும்பாலும் ஓபிஜிதான். தாடைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கலாம் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு கேஸ் உலகச் செய்தியானது. 2019-ல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார்கள். மூன்று வயதிலிருந்தே கீழ்த்தாடையில் வலது பக்கம் ஒரு வீக்கம். எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் எடுத்துப் பார்த்தால், எலும்புக்குள் ஒரு பை. பை முழுக்கக் குட்டிக் குட்டிப் பற்கள். அறுவை சிகிச்சையில் பையை எடுத்து எண்ணியபோது 526. எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று படம் முன்பே காட்டியதால், தாடையைப் பக்கவாட்டில் உடைக்காமல் மேலிருந்து திறந்தே எடுக்க முடிந்தது. தாடையை மறுசீரமைக்க வேண்டிய வேலையே வரவில்லை.

ஆனால் ஓபிஜியில் ஒரு பெரிய குறை உண்டு. வளைந்த தாடையை நீட்டித் தட்டையாக்கிய படம் அது. உண்மையான அளவைவிட ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகக் காட்டும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அதை வைத்து மில்லிமீட்டர் கணக்குப் போட முடியாது.

இன்னொரு குறை, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது. பொள்ளாச்சி ரோட்டில் நின்று தென்னந்தோப்பைப் பார்த்தால், முன்வரிசை மரமும் பின்வரிசை மரமும் ஒட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். தோப்பைச் சுற்றி நடந்து பார்த்தால்தான் நடுவே வண்டியே போகும் அளவுக்கு இடைவெளி இருப்பது தெரியும். சிபிசிடி செய்வது இந்தச் சுற்றி நடக்கும் வேலையைத்தான்.

ஒரு சுற்று, சில நூறு படங்கள்

சிபிசிடி என்பது கூம்பு வடிவக் கதிரை வைத்து எடுக்கும் சிடி. 1990-களின் கடைசியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் தனித்தனியாக உருவானது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து எடுக்கும் வழக்கமான சிடியில் கதிர் மெல்லிய விசிறி போலப் போய், உடம்பைத் துண்டு துண்டாக அறுத்தது போலப் படமெடுக்கும். சிபிசிடியில் கதிர் டார்ச் வெளிச்சம் போல விரிந்து தாடை முழுவதையும் ஒரே நேரத்தில் தாண்டி எதிரே இருக்கும் தட்டில் விழுகிறது. உட்கார்ந்தோ நின்றோ இருந்தால் போதும். கருவி ஒரு சுற்று வருவதற்குள் சில நூறு படங்கள் பதிவாகும். அவற்றைக் கம்ப்யூட்டர் சேர்த்து முப்பரிமாணமாக்கும். பிறகு டாக்டர் மௌஸை உருட்டி எந்தக் கோணத்திலிருந்து வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு வரை நுணுக்கம் கிடைக்கும். அளவும் நிஜ அளவு.

சீட்டு எழுதும் டாக்டரின் மனதில் இருப்பது பெரும்பாலும் ஒரு நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள் இரண்டு பக்கமும் ஒரு சுரங்கம் ஓடுகிறது. அதற்குள் போகும் நரம்புதான் கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. விஸ்டம் டூத்தின் வேர் சிலருக்கு இந்தச் சுரங்கத்தை உரசிக்கொண்டிருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு இரண்டு வேர்களுக்கு நடுவிலேயே நரம்பு போகும். பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துவிடும். வாய் கோணாது, பேச்சு குழறாது, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் டீ வழிந்தால் குடிப்பவருக்கே தெரியாது. ஷேவ் பண்ணும்போது கீறினாலும் தெரியாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அது அப்படியே தங்கிவிடுகிறது.

அப்படியானால் விஸ்டம் டூத் எடுக்கும் எல்லோருக்கும் சிபிசிடி எடுத்துவிட்டால் நல்லதுதானே? இங்கேதான் எதிர்பாராத ஒரு விடை. நெதர்லாந்தில், ஓபிஜியில் வேர் நரம்புக்கு அருகில் இருப்பதாகத் தெரிந்த நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சிபிசிடி எடுத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. நரம்புப் பாதிப்பில் சிபிசிடி குழுவுக்கு எந்த அனுகூலமும் இல்லை. அதன்பிறகு ஐரோப்பிய பல்-முகக் கதிரியக்கவியல் அகாடமி 2019-ல் இதை இன்னும் தெளிவாகவே சொன்னது: விஸ்டம் டூத்துக்கு வழக்கமாக சிபிசிடி எடுக்க வேண்டாம், சாதாரணப் படத்தால் பதில் சொல்ல முடியாத, அந்த நோயாளிக்கே உரிய ஒரு குறிப்பான கேள்வி இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். யோசித்தால் புரியும். பல்லை எப்படியும் எடுக்கத்தான் போகிறார் என்றால், நரம்பு அரை மில்லிமீட்டர் தள்ளி இருப்பதைப் பார்த்ததனால் மட்டும் கை வேறு மாதிரி வேலை செய்துவிடாது. முடிவே மாறுகிற இடத்தில்தான் ஸ்கேனுக்கு மதிப்பு. உதாரணமாக, நரம்பு வேர்களுக்கு நடுவே போகிறது என்று தெரிந்தால், பல்லின் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடும் வழி இருக்கிறது. ‘இந்த ஸ்கேன் என்ன காட்டினால், நீங்க செய்யப்போறது மாறும்?’ என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டாக்டர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார்.

இம்ப்ளான்ட் விஷயத்தில் பதில் சுலபம். எலும்பில் துளை போட்டு டைட்டானியம் திருகை இறக்கும் வேலை அது. எலும்பின் உயரம், அகலம் இரண்டும் தெரிய வேண்டும். அகலத்தை ஓபிஜி காட்டவே காட்டாது. கீழ்த்தாடையில் நரம்புக்கு மேல் குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் விட வேண்டும். தாடையின் உட்புறம் குழிந்திருப்பதைக் கவனிக்காமல் துளையிட்டால் நாக்குக்கு அடியில் ரத்தக் குழாய் கிழிந்து, வீக்கம் மூச்சையே அடைக்கும் அபாயம் உண்டு. மேல்தாடையில் எலும்பு மெல்லிசாக இருந்தால் திருகு சைனஸ் அறைக்குள் விழுந்துவிடும். கைத்தேர்ச்சி இருந்தும் கண்ணுக்குத் தெரியாததால் நடக்கும் தவறுகள் இவை. முன்பே செய்த ரூட் கெனால் மறுபடி வலிக்கும்போதும் சின்ன அளவு சிபிசிடி உதவும். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் ஒரு வேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாவதாக ஒரு நுண்குழாய் ஒளிந்திருக்கும். முதல் முறை அது தப்பியிருந்தால் ஸ்கேனில் மாட்டிக்கொள்ளும்.

பல்லுக்குக் கம்பி போடுவதற்கு? ஓபிஜியும் பக்கவாட்டில் தலையை எடுக்கும் செஃப் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் போதும். கோரைப்பல் உள்ளே குறுக்காகக் கிடந்து பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கிறது என்கிற மாதிரி நிலைமைக்குத்தான் சிபிசிடி.

2021: பல் ஆடியபோது

படம் எதைக் காட்டாது என்பதைக் கொங்கு மண்டலம் மறக்க முடியாத விலை கொடுத்துப் பார்த்தது 2021-ல். கொரோனா இரண்டாம் அலையில், மே மாதக் கடைசியில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. அதோடு சேர்ந்து வந்தது கருப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூகோர்மைகோசிஸ். சர்க்கரை அதிகமாக இருந்தவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள் என்று கொரோனாவிலிருந்து எழுந்து வந்தவர்களையே அது தாக்கியது. தமிழக அரசு அதே மே மாதத்தில் இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

இந்தப் பூஞ்சை மூக்கு, சைனஸ் வழியாக நுழைந்து மேல்தாடை, கண், மூளை என்று ஏறக்கூடியது. பலருக்கு முதல் அறிகுறி வாயில். சொத்தையே இல்லாத மேல்பற்கள் வரிசையாக ஆடும், ஈறில் சீழ் வரும், அண்ணம் கறுக்கும். ‘பல் ஆடுது’ என்று பல் டாக்டரிடம் வந்தவர்களுக்கு உண்மையில் தாடை எலும்பே ரத்த ஓட்டமில்லாமல் செத்துக்கொண்டிருந்தது.

இங்கே சிபிசிடியின் எல்லை தெரிகிறது. எலும்பும் பல்லும் அதில் பளிச்சென்று வரும். தசை, நரம்பு, கொழுப்பு போன்ற மெல்லிய திசுக்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பூஞ்சையோ முதலில் பரவுவது மெல்லிய திசுவில். எலும்பு அரிக்கப்பட்டது படத்தில் தெரியும்போது நோய் முன்னேறியிருக்கும். கண்ணுக்கும் மூளைக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ தேவைப்பட்டது. பூஞ்சைதான் என்று உறுதி செய்ததோ எந்தப் படமும் இல்லை. திசுவைக் கிள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பரிசோதனைதான்.

உயிர் பிழைத்தும் மேல்தாடையை இழந்தவர்களுக்குப் பிறகு படங்கள் வேறு விதத்தில் உதவின. அண்ணத்தில் ஓட்டை என்றால் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரும், பேச்சு புரியாது. ஓட்டையை அடைக்கும் பிளேட்டிலிருந்து, கன்ன எலும்பில் ஊன்றும் நீளமான இம்ப்ளான்ட் வரை, மிச்சமிருக்கும் எலும்பை சிடியில் அளந்து திட்டமிடும் சிகிச்சைகள் இவர்களுக்காகவே நாடெங்கும் நடந்தன.

இதே எல்லை வாய்ப் புற்றுநோய்க்கும் பொருந்தும். பாக்கு, புகையிலை போடுகிறவரின் நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ ஆரம்பிக்கும் புண்ணை ஓபிஜியும் காட்டாது, சிபிசிடியும் காட்டாது. ‘ஓபிஜி எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க’ என்று இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோடு நிம்மதியாக இருப்பது ஆபத்து. அதற்குத் தேவை, வெளிச்சம் போட்டுப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண்ணும் பயாப்ஸியும்.

எவ்வளவு கதிர்வீச்சு?

பயப்பட வேண்டிய அளவு இல்லை. கவலையே இல்லாமல் இருக்கும் அளவும் இல்லை. மண், காற்று, விண்வெளி என்று இயற்கையிலிருந்து ஒவ்வொருவர் மேலும் கதிர்வீச்சு விழுந்துகொண்டேதான் இருக்கிறது. உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மைக்ரோசீவர்ட். ஒரு சின்ன எக்ஸ்ரே சில மைக்ரோசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும். ஓபிஜி பெரும்பாலும் 10 முதல் 25-க்குள், அதாவது சில நாள் இயற்கைக் கதிர்வீச்சு. சிபிசிடிக்கு ஒரே எண் சொல்ல முடியாது. நாலு பல்லை மட்டும் எடுத்தால் சில பத்துகளில் இருக்கலாம்; முகம் முழுக்க, உயர் நுணுக்கத்தில் எடுத்தால் பல நூறுகளுக்குப் போகலாம். தலைக்கு எடுக்கும் ஆஸ்பத்திரி சிடி பொதுவாக இதையும் தாண்டி 2,000 பக்கம்.

அதனால் ‘சிபிசிடியா?’ என்பதோடு ‘எவ்வளவு ஏரியா?’ என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பல்லுக்கு ஐந்து சென்டிமீட்டர் போதும் என்றால் முழு முகத்தை எடுக்கக் காரணம் இல்லை. குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். வளரும் திசுக்கள் கதிர்வீச்சுக்கு அதிகம் பாதிக்கப்படக்கூடியவை; அவர்கள் வாழப்போகும் வருஷங்களும் அதிகம். கர்ப்பமாக இருப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். வாய்க்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் வயிற்றுக் குழந்தைக்குப் போவது மிக மிகக் குறைவுதான் என்றாலும், தள்ளிப்போடக்கூடியதைத் தள்ளிப்போடலாம்.

இந்த ஜாக்கிரதையெல்லாம் சும்மா வந்ததில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1896-லேயே பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கிய எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் பல வருஷம் தன் கையைக் கதிரில் காட்டியே வேலை செய்தார். விரல்களில் புற்று வந்தது. ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் கையையே இழந்து, 1928-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மறுபுறம், ஒரு பழைய பாதுகாப்புப் பழக்கம் இப்போது கைவிடப்படுகிறது. எக்ஸ்ரேக்கு முன் மேலே போர்த்தும் கனமான ஈய ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் இனி நோயாளிக்கு வேண்டாம் என்று அமெரிக்க பல் மருத்துவச் சங்கம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. இன்றைய கருவிகளில் கதிர் வேண்டிய இடத்துக்கு மட்டும் குறுக்கப்படுகிறது; ஏப்ரனோ பட்டையோ படத்தை மறைத்துவிட்டால் மறுபடி எடுக்க வேண்டியதாகி, கதிர்வீச்சு இரண்டு மடங்காகிவிடும் என்பது காரணம். ஆகவே ஓபிஜிக்குக் கழுத்துப் பட்டை போடவில்லை என்று சென்டரில் சண்டை போட வேண்டாம். கேட்க வேண்டியது வேறு. இந்தியாவில் எக்ஸ்ரே கருவிகளைக் கட்டுப்படுத்துவது 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். பல் கிளினிக்கும் ஸ்கேன் சென்டரும் இதன் இ-லோரா இணையதளம் வழியாக உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம்.

அளவு எடுக்க மாவு வேண்டாம்

எல்லா டிஜிட்டல் படத்துக்கும் கதிர்வீச்சு தேவையில்லை. கேப் போட அளவெடுக்கும்போது வாய் நிறைய மாவை வைத்துக் குமட்ட வைப்பார்களே, அதன் இடத்துக்கு வாய்க்குள் விடும் சின்னக் கேமரா போன்ற ஸ்கேனர் வந்திருக்கிறது. வெறும் ஒளியை வைத்துப் பல்லின் வடிவத்தைப் பதிவு செய்யும். 1985-ல் ஜூரிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இப்படி அளவெடுத்து, பல் குழியில் பொருத்தும் துண்டை அன்றே செதுக்கி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடப்பது கோவைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லாத வேலை. கம்ப்யூட்டரில் வடிவமைத்த கேப்பை ஜிர்கோனியா வட்டிலிலிருந்து குடைந்தெடுப்பது ஐந்து அச்சு சிஎன்சி மெஷின்தான். குடைந்த கேப்பை உலையில் சுட்டால் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், சாஃப்ட்வேர் முன்கூட்டியே பெரிதாகக் குடையச் சொல்லும். பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவர், வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்று மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் சேர்த்துச் செய்வதும் இதே கணக்குதான்.

படத்தை யார் படிக்கிறார்?

சிபிசிடியில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. விஸ்டம் டூத்துக்காக எடுத்த ஸ்கேனில் பக்கத்து எலும்பு, சைனஸ், மூச்சுப்பாதை, சில நேரம் கழுத்து வரை எல்லாம் பதிவாகியிருக்கும். சிகிச்சை செய்யும் டாக்டர் தனக்கு வேண்டிய பல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டால், சைனஸில் வளரும் கட்டியோ எலும்பில் வேறு ஏதாவதோ பார்க்கப்படாமலே போகலாம். கதிர்வீச்சை வாங்கியாகிவிட்டது, பணம் கொடுத்தாகிவிட்டது; படத்தில் இருப்பது முழுவதும் படிக்கப்பட வேண்டும்.

இதற்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. பிடிஎஸ் முடித்து, வாய் மருத்துவம் மற்றும் கதிரியக்கவியலில் எம்டிஎஸ் படித்தவர்கள். கோவை ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் பக்கம் ஆர்விஎஸ், திருச்செங்கோட்டில் கேஎஸ்ஆர், விவேகானந்தா, குமாரபாளையத்தில் ஜேகேகே நட்ராஜா என்று இந்தப் பகுதியின் பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தத் துறை உண்டு. கல்லூரிகளில் கட்டணமும் பொதுவாகக் குறைவு; காத்திருக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேன் சென்டரில் எடுத்தால், எழுத்து மூலமான ரிப்போர்ட் தருவார்களா, அதில் கையெழுத்துப் போடுபவர் கதிரியக்கவியல் படித்தவரா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கும்போது பிரின்ட் எடுத்த பிலிமோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அது சில நூறு படங்களிலிருந்து யாரோ பொறுக்கியெடுத்த பத்துப் பன்னிரண்டு படம் மட்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட் அதைவிட மோசம். அமுங்கி, அளவும் தெரியாது. கேட்டு வாங்க வேண்டியது டைகாம் ஃபைல். சிடியிலோ பென்டிரைவிலோ லிங்க்காகவோ தருவார்கள். ஈரோட்டில் எடுத்ததைக் கோவையில் வேறொரு டாக்டர் தன் கம்ப்யூட்டரில் திறந்து, தனக்கு வேண்டிய கோணத்தில் வெட்டிப் பார்க்க அது இருந்தால்தான் முடியும். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ‘மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க’ என்று சொன்னால், பழையதில் என்ன போதவில்லை என்று கேட்பதற்கும் அந்த ஃபைல் கையில் இருக்க வேண்டும்.